வாசல்வரை வந்த தண்ணீர்

என் தங்கை மதுமதி இறந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தது போன ஆவணியில்.

அதற்கு முந்தைய மார்கழி வெள்ளத்தில் அவள் போனாள். தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் ஏறிய அன்று நாங்கள் நாலு பேரும் எதிர்வீட்டு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். "கதவப் பூட்டல" என்று சொல்லி அவள் மட்டும் திரும்பினாள். பூட்டை மாட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆள் வரவில்லை. வாசல்படியில் நின்றவளைத் தண்ணீர் அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தது. அப்பா சீவலப்பேரி வரை தேடினார், பிறகு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, பிறகு ஏரல். அதற்கும் கீழே எங்கோ ஒதுங்கிய ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இது வேற யாரு பெத்த பிள்ளையோ" என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

ஆவணியில் அவரே பேச்சை எடுத்தார். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலா, பிள்ளைய கன்னிக்கு வச்சிருவோம்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"கார்த்திகை கடைசி வெள்ளிக்குப் படைச்சிருவோம். எத்தன நாளுதான் அவ திக்கில்லாம நிப்பா? நம்ம வீட்டோட இருக்கட்டும்."

"தோச கருகுது, தட்ட நீட்டுங்க" என்றாள் அம்மா. அதற்குச் சம்மதம் என்று அப்பா பொருள் எடுத்துக்கொண்டார்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். புதுப் பாவாடை சட்டை எடுத்து, வளையல் பூ பொட்டோடு சாமி முன் வைத்துப் படைத்து, பிறகு அந்தத் துணியை ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு உள்ளறையில் தொங்கவிடுவார்கள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக் கன்னி. வருஷா வருஷம் புதுத்துணி உண்டு. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் துணி அவளுக்குத்தான். மறந்துவிடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் நானும் அன்று நினைத்தேன்.

புரட்டாசியில் மதுமதியைப் பார்த்தேன்.

நான் காலையில் கல்லூரிக்கும் மாலையில் தட்டச்சு வகுப்புக்கும் போகிறேன். வகுப்பு முடிந்து பஸ் இறங்கினால் படித்துறை வழியாக வருவது குறுக்கு. அன்று வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடைசிப் படியில், கணுக்கால் அளவு தண்ணீரில், மஞ்சள் சுடிதார் போட்ட பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். அவள் திரும்பி, "டைப்பு கிளாசுக்கா போற? ஒனக்கு வெரலே நேரா நிக்காதேக்கா" என்றாள்.

நான் ஓடிவிட்டேன்.

அன்றன்று நடந்ததை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பார்த்ததை ஒரு பக்கமும் நினைத்ததை எதிர்ப்பக்கமும் எழுதுவேன். இல்லாவிட்டால் இரண்டும் எனக்குக் கலந்துவிடும். அன்று பார்த்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உண்மை. அவள் சொன்ன வார்த்தையும் என்னிடமே இருக்கிற வார்த்தைதான். தட்டச்சு ஆசிரியை தினமும் அதைத்தான் சொல்கிறார்.

ஆகவே மறுநாள் போனபோது ஒரு கேள்வியோடு போனேன்.

"எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லு."

"என்னது?"

"எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்னா, அது என் மண்டைக்குள்ள இருந்தே வந்திருக்கலாம். நீதான்னா எனக்குத் தெரியாதது சொல்லணும்."

மதுமதி குளிரில் பற்கள் இடிக்கச் சிரித்தாள். "செத்தாலும் நீ திருந்த மாட்டக்கா. ஒன் வெள்ளிக் கொலுசு ஒத்தையக் காணும்னு வீட்டையே பொரட்டிப் போட்டேல்லா? நான்தான் எடுத்தேன். அடுப்பாங்கரைல அரிசி டிரம்முக்குப் பின்னால செவத்துல ஓட்ட இருக்கு பாரு. அதுக்குள்ள கெடக்கு."

"எதுக்குட்டி எடுத்தே?"

"நீ என் டப்பாவத் தொறந்தேல்லா, அதுக்கு."

வீட்டுக்குப் போய் டிரம்மை நகர்த்தினேன். ஓட்டையில் வெள்ளத்து வண்டல் இறுகிப்போயிருந்தது. கத்தியால் சுரண்டினேன். கொலுசு கறுத்துப்போய் வெளியே வந்தது. "என்னத்தட்டி தோண்டுத?" என்று அம்மா கேட்டாள். "பல்லி" என்றேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

மூன்றாம் முறை போனபோது மற்றவர்களையும் பார்த்தேன். ஆறு பேர். படித்துறைக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும் பாறையைச் சுற்றி உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருமே என் வயதுக்குக் கீழேதான். ஒருத்தி பூப்போட்ட நைலான் தாவணி. ஒருத்தி பட்டுப்பாவாடை, இடுப்பில் கடையின் விலைச்சீட்டு இன்னும் பிய்க்காமல் தொங்கியது. சின்னவள் ஒருத்திக்கு அவளைவிட இரண்டு பங்கு பெரிய கவுன். வளர்வாள் என்று நினைத்து எடுத்திருப்பார்கள். ஆற்றுக்குள் இருந்தும் ஒருத்தியின் துணியிலும் ஈரம் இல்லை.

"இவிய யாரு மது?"

"கன்னிமாரு. பேரு கேட்டா சிரிக்காவ. மறந்துபோச்சாம்."

நூல் நூலாக வெளுத்துப்போன வெல்வெட் சட்டை போட்ட ஒருத்தி கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். இருப்பவர்களில் அவள்தான் பழையவள் என்று தோன்றியது. "ஏட்டி, ஒன் தங்கச்சிக்குத் துணி எடுத்தாச்சா? செவப்பா எடுக்கச் சொல்லு. எங்கள்ல ஒருத்திக்கும் செவப்பு இல்ல."

"ஒனக்கும் சேத்து எடுக்கச் சொல்லவா? நீயும் கல்யாணம் ஆகாதவதான?" என்றாள் தாவணிக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். பள்ளிக்கூடத்து இடைவேளையில் கேட்கிற சிரிப்பு. ஆனால் சிரிக்கும்போது ஒருத்தியின் கண்ணும் அசையவில்லை.

மதுமதி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. இவியளுக்கு எப்பவும் ஏழு பேரு இருக்கணும். இப்பம் நான் சேத்திதான், ஆனா முழுசாச் சேரல. வீட்டு ஆளுக காஞ்ச துணி ஒண்ணு எம் மேல போட்டுட்டா, இல்ல எனக்குன்னு படைச்சிட்டா, முடிஞ்சு. பெறவு எனக்கு ஒன்னயத் தெரியாது, அம்மாவத் தெரியாது. இவியளெல்லாம் அப்படி ஆனவியதான். எல்லாருக்கும் வீட்ல துணி எடுத்துக் குடுத்திருக்காவ."

"நீ இப்பமே எங்கூட வந்துரு."

"வர முடியாதுக்கா. தண்ணி இருக்கிற எடம் வரைக்கும்தான் எனக்குக் காலு. போன வழியாத்தான் வரணும். நம்ம வீட்டு வாசப்படிக்குத் தண்ணி வந்துட்டுன்னா நானே நடந்து வந்து உள்ள ஏறிருவேன். வாச நிலையத் தாண்டிட்டேன்னா ஒருத்தியும் என்னயத் தொட முடியாது. அதுக்குப் பெறவு பெட்டிப் பெட்டியாத் துணி எடுத்துத் தா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஈரத்தோடத்தான் நிக்கணும்." அவள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. "ரொம்ப நாளு ஆக்கிராதக்கா. குளிரு தாங்கல. ஒரு நாளு நானே வாய்விட்டுக் கேட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் ஷம்ஸியா மேலப்பாளையத்துக்காரி. அவளிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லிப் பார்க்காமல் இதை நம்புவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. அவள் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வீட்ல சொன்னா ஜின்னும்பாவ, தண்ணி ஓதித் தருவாவ. ஒங்க வீட்ல கன்னிம்பாவ. டாக்டருட்ட போனா மாத்திர தருவாரு. இதுல நீ எதுக்குளா போவப்போற?"

"நீ வந்து பாரு. நீ ஒண்ணும் இல்லன்னு சொன்னா நான் டாக்டருட்டயே போயிருதேன்."

"நான் வந்து, எனக்கும் தெரிஞ்சுட்டுன்னா?"

அன்று மாலை அவள் வந்தாள். படித்துறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மதுமதி வழக்கமான இடத்தில் நின்றாள். ஷம்ஸியா கண்ணைச் சுருக்கி ஆற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆளு ஒண்ணும் தெரியல விஜி."

"சரி."

"இரு." அவள் இரண்டு படி இறங்கினாள். "அந்தக் கடைசிப் படில தண்ணியப் பாரு. காத்து இல்ல, மீனு இல்ல. அங்கன மட்டும் நடுங்குது. ரெண்டு எடத்துல, காலு வச்ச மாதிரி." பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அல்லாவே, அந்தப் பிள்ள எப்படிக் குளிருது!"

அதன்பின் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லை. செய்ய வேண்டியது இரண்டே என்று தெளிவானது. வாசலுக்குத் தண்ணீர் வருவதற்குள் வீட்டில் யாரும் படைத்துவிடக் கூடாது. அந்தத் தண்ணீர் வர வேண்டும்.

இரண்டாவது என் கையில் இல்லை. ஆனால் அதைத்தான் இரவும் பகலும் வேண்டிக்கொண்டேன். ஐப்பசியில் மழை ஏமாற்றியபோது கல்லூரியில் எல்லாரும் வெயில் நல்லது என்றார்கள். எனக்கு மட்டும் எரிச்சல் வந்தது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் போனில் பார்ப்பேன். கார்த்திகை பிறந்து மேற்கே மழை பிடித்ததும் வகுப்பிலேயே என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். ஷம்ஸியா பார்த்துவிட்டாள்.

"என்னளா சிரிப்பு?"

"அணை நெறையுது."

அவள் மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "போன வெள்ளத்துல எங்க வாப்பா துணிக்கடைல இருந்த சாரம், கைலி அத்தனையும் சகதி. அவிய இன்னும் கடனுக்குச் சரக்கு எடுத்துட்டு இருக்காவ. பக்கத்துத் தெருவுல ஒரு வயசான கண்ணுமா கட்டில்ல கெடந்தபடியே மௌத்தாயிட்டாவ. தூக்குறதுக்கு ஆளு இல்லாம. ஒன் தங்கச்சி வீட்டுக்கு வரணும்னா எங்க ஊரு முங்கணுமோ?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. அதத்தான் கேட்டுட்டு இருக்க."

அவள் அன்று வேறு மெஷினுக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னது சரி என்று எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். எழுதிவிட்டு மறுபடி அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தேன்.

கார்த்திகை மூன்றாம் வாரத்தில் அப்பா டவுனுக்குப் போய்ப் பாவாடையும் சட்டையும் எடுத்து வந்தார். பச்சைக் கரை போட்ட சிவப்பு. "மதுவுக்கு செவப்புன்னா உசுருல்லா" என்றார். அவளுக்குச் சிவப்பு பிடிக்காது என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நான் அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கொலுசையும் காட்டினேன். அடிப்பாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கேட்டது வேறு. "என்ன போட்டுருக்கா?"

"அதே மஞ்சச் சுடிதாருதான்."

"ஈரமாவா?"

"ஈரமாத்தான்."

"தல?"

"தலையும்தான். சொட்டிட்டே இருக்கு."

"இத்தன நாளும் ஈரத் தலையோடயா நிக்கா?" அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு மூக்கடைச்சா மூச்சு விட வராதேட்டி."

"எம்மா, நான் சொன்னது வெளங்குச்சா? உள்ள வார வரைக்கும் காஞ்ச துணி ஆவாது. ஒரு நூலுகூட."

"வெளங்குச்சு, வெளங்குச்சு. நான் என்ன கொழந்தப்பிள்ளயா?"

அவள் முழுவதும் நம்பினாளா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்பாவிடம் போய், "படையலு மழ விட்ட பெறவுதான். இந்த ஈரத்துல நான் எத அவிக்க, எதக் காய வைக்க?" என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பா அம்மாவிடம் தோற்பது புதிதல்ல.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தைய நாள் தொடங்கிய மழை விடவில்லை. அணையைத் திறந்துவிட்டார்கள். வெள்ளி காலையில் குறுக்குத்துறை முருகன் கோயில் மேல்தளம் வரை முங்கிவிட்டது என்று ஆட்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும்படி அறிவித்தார்கள். எங்கள் தெரு ஆற்றை நோக்கிச் சரிவது. மத்தியானத்துக்குள் கீழ் வீடுகள் காலியாகிவிட்டன.

நான் முறையாக வேலை செய்தேன். முன்னறையிலும் நடு அறையிலும் இருந்த உலர்ந்த துணி அத்தனையும் எடுத்தேன். கொடியில் கிடந்த துண்டு, மேஜைவிரிப்பு, கதவுத் திரை, கால்மிதி, காலண்டரில் அப்பா சொருகி வைக்கும் கைக்குட்டை வரை. எல்லாவற்றையும் உள்ளறை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சிவப்புப் பாவாடையை வாளித் தண்ணீரில் முக்கி அமுக்கிவிட்டேன். பிறகு அறை அறையாக ஒருமுறை சுற்றி வந்து சரிபார்த்தேன். அம்மாவை நிலைக்கு உள்ளேயே நிற்கச் சொன்னேன். "நீ நனையாத, ஒனக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி" என்று நான்தான் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் என்ன கிறுக்கா? வாங்கட்டி மேல!" என்று அப்பா எதிர்வீட்டு மாடியிலிருந்து கத்தினார்.

"நீங்க அங்கனயே நில்லுங்க" என்றாள் அம்மா.

தண்ணீர் தெருமுனையில் செந்நிறமாக ஏறி வந்தது. வாழைமட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யார் வீட்டுச் சாமி படமோ. பிறகு எங்கள் வாசல்படியின் கீழ்க்கல்லைத் தொட்டது. பிறகு மேல்கல். நான் படிக்குக் கீழே இறங்கி முழங்கால் தண்ணீரில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானமே இருட்டிக்கொண்டு கிடந்தது.

முதலில் பார்த்தது அப்பாதான். மேலேயிருந்து, "யாரது மஞ்சளா?" என்றார். பிறகு அவர் குரல் உடைந்தது. "ஏ மது! மது!"

அவள் தெருவோரச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இழுப்பை எதிர்த்து நடந்து வந்தாள். தெருமுனையில் ஆறு பேரும் தண்ணீரின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. வெல்வெட் சட்டைக்காரி கையிலிருந்த கல்லை மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். அவர்கள் தடுக்காதது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் யோசிக்க நேரமில்லை.

நான் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஐஸ்கட்டியைப் பிடித்தது போல இருந்தது. "பைய வா, பைய. வழுக்கும்."

"அக்கா, வந்துட்டேன்க்கா."

"பேசாத. ஏறு."

கீழ்க்கல்லில் ஒரு கால் வைத்தாள். மேல்கல்லில் மறுகால். இனி நிலை மட்டும்தான். நிலைக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள்.

"அம்மா" என்றாள் மதுமதி.

அப்போது அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இன்னொன்று. நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. கழுத்தெலும்பு தெரிய, முடியிலிருந்து ஓயாமல் தண்ணீர் வடிய, மூன்றாவது தும்மல் வராமல் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி, தலையத் துவட்டாம..." என்றாள் அம்மா.

அவள் யோசித்துச் செய்யவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து வருகிற எங்கள் இரண்டு பேர் தலையையும் எத்தனையோ வருஷம் பிடித்து இழுத்துத் துவட்டிய கைகள் அவை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன, இடுப்பிலிருந்து முந்தானையை உருவின, மதுமதியின் தலைமேல் போட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தேய்த்தன. வெளிர்நீலச் சேலை. வீட்டில் அத்தனை துணியையும் பூட்டிய நான், அம்மா உடுத்திருந்ததை ஒரு துணியாகவே எண்ணவில்லை.

நான் கத்திக்கொண்டே மறுகையால் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவளும் இழுத்தாள். வரவில்லை. மதுமதி அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மது, விடு! விடுட்டி!"

"சூடா இருக்குக்கா" என்றாள்.

"ஒரே ஒரு எட்டு. உள்ள வந்துரு. உள்ள வந்து நூறு துணி தாரேன்."

"அம்மா வாசன அடிக்கு" என்றாள். பற்கள் இடிப்பது நின்றிருந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. ஒரு நிமிடம் அவள் முன்பிருந்த மதுமதியாகவே, நன்றாகத் தூங்கி எழுந்தவளாக, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு பார்வை எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனது. யார் வீடு என்று பார்ப்பது போல இருந்தது. என் கையிலிருந்த மணிக்கட்டு வெதுவெதுப்பாகி, ஈரமற்றுப்போய், நழுவியது.

அவள் திரும்பி இறங்கினாள். சேலை அவளோடு போனது. அம்மா அதை விடாமலும் இழுக்காமலும் நின்று சுற்றுக்குச் சுற்று கழன்று கொடுத்தாள். கடைசிச் சுற்றும் போய், பாவாடையும் ரவிக்கையுமாகத் தெரு பார்க்க நிலையில் நின்றாள். ஆறு பேரும் கொஞ்சம் விலகி ஓர் இடம் விட்டார்கள்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்து வந்து தன் சட்டையைக் கழற்றி அம்மாவைப் போர்த்தினார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. வீடு முழுக்கக் கணுக்கால் அளவு வண்டல். அம்மாவும் நானும் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது ஷம்ஸியா வந்து நின்றாள். பாவாடை ஓரத்தில் வேறு ஊர்ச் சகதி. மேலப்பாளையத்திலும் வாய்க்கால் உடைந்து, அவள் வாப்பா கடைக்குள் மறுபடி தண்ணீர் புகுந்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை, நான் பிறகு கேள்விப்பட்டேன். துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வந்தாளா?"

"வந்தா."

"உள்ளயா?"

"இல்ல."

அவள் சகதியைத் தள்ளத் தொடங்கினாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்டவள் நான். கிடைத்தது. அதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்று நானும் தள்ளினேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு அப்புறமாத் தள்ளும்மா" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. அம்மா அழுவதை நான் இதுவரை பார்க்கவில்லை. அப்பாதான் அழுகிறார். வாளியில் கிடந்த சிவப்புப் பாவாடையை அவரே பிழிந்து, காய வைக்காமல், எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். கன்னிக்குப் படைப்பதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் அம்மா என்னிடம் வந்தாள். "வகுப்பு உண்டா இன்னைக்கி?"

"உண்டும்மா."

"வரும்போது படித்துறை வழியா வா. அவளப் பாத்தேன்னா குளிருதான்னு கேளு."

போனேன். படிகளில் சகதி உலர்ந்து வெடித்திருந்தது. ஏழு பேரும் பாறையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மதுமதி வெளிர்நீலச் சேலையைத் தோளைச் சுற்றி இரண்டு சுற்றுப் போர்த்தியிருந்தாள். தலை நன்றாகக் காய்ந்து, எண்ணெய் காணாத முடி காற்றில் பறந்தது. அவள் முறை வந்தபோது கல்லைத் தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடித்தாள். முன்பு அவளுக்கு அது வராது.

"மது" என்று கூப்பிட்டேன். பிறகு முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். பூக்கூடையோடு படியில் இறங்கிய ஒரு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாறைப்பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்மா. குளிரலயாம்."

"ம்" என்றாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.